எமிலி அம்மாள் மலையேறிய கதை

இலங்கை மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் எல்லாரும் முதல் வேலையாக ஒரு கவர்னரைக் குதிரையில் ஏற்றிவிடுவார்கள். கவர்னர் ரோடு போடுவார், காடு வெட்டுவார், இரண்டாம் அத்தியாயத்தில் சீமைக்குக் கப்பலேறிவிடுவார். நம்முடைய கதாநாயகிக்குக் குதிரை கிடையாது. கால் கிடையாது, வாய் கிடையாது, சட்டென்று கண்ணுக்குத் தெரிகிற உடம்பும் கிடையாது. கோப்பி இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்த மஞ்சள் தூள்தான் அவள். ஆனால் கோப்பி போட்ட கவர்னர் பார்ன்ஸ், தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், தேயிலை விற்ற தோமஸ் லிப்டன் ஆகிய மூன்று பெரிய மனிதர்களும் சேர்ந்து செய்ததைவிட இந்த மலைகளை அதிகமாகப் புரட்டிப் போட்டவள் அவள்தான். மூவருக்கும் பெயரும் படமும் இருக்கின்றன. அவளுக்கு ஒரு கல்வெட்டுக்கூட இல்லை.

அவள் வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1820களில் கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் தாமே ஒரு கோப்பித் தோட்டம் போட்டார். போட்ட கையோடு கோப்பிக்கு ஏற்றுமதி வரியைத் தூக்கினார். கோப்பித் தோட்டத்தில் வேலை செய்பவனுக்கு ராஜகாரியக் கட்டாய ஊழியத்திலிருந்து விலக்கும் கொடுத்தார். சட்டம் போடுகிறவரே தோட்டமும் போட்டால் சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்பதற்குக் கன்னொறுவையில் அப்போது ஆள் இல்லை. கவர்னரைப் பார்த்துப் பட்டாளத்து அதிகாரி போட்டார், நீதவான் போட்டார். ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக் காடு விலைபோனது. மாத்தளையிலிருந்து பதுளை வரைக்கும் மலையில் நின்ற மரமெல்லாம் சரிந்து, ஒரே செடி, ஒரே உயரம், ஒரே பச்சை.

வேலைக்கு ஆள்? ராமநாதபுரம், திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு வந்தார். கடலைத் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடை. வழியில் காலராவும் அம்மையும் பசியும் கூடவே நடந்தன; போய்ச் சேராதவர்கள் கணக்கில் சேரவில்லை. கோப்பிக் காலத்தில் ஒரு வசதி இருந்தது, அதை வசதி என்று சொல்லலாமானால். பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான் நிறைய ஆள் வேண்டும். பறித்து முடிந்ததும் துரை கணக்கைப் பார்ப்பார், கங்காணி கடனைக் கழிப்பார், மிஞ்சியதை முடிந்துகொண்டு ஊருக்குத் திரும்பலாம். இந்த மலையில் யாரும் நிரந்தரமாகத் தங்குவதாக ஏற்பாடு இல்லை, துரையும் சேர்த்துத்தான். துரைக்கு ஸ்கொட்லாந்தில் ஒரு வீடு வாங்கும் கனவு, நமக்கு ராமநாதபுரத்தில் ஒரு மாட்டை மீட்கும் கனவு.

1869ஆம் வருஷம் கோப்பி உச்சத்தில் நிற்கிறது. ஏற்றுமதி பத்து லட்சம் அந்தரை எட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வருஷந்தான் ஆபிரகாம் ஜோசப் என்பவர் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்ற நூலை வெளியிட்டார். கோப்பி விவசாயத்தைக் கும்மிப் பாட்டாகக் கட்டிய புத்தகம். மலையகத்தின் முதல் நூல் வரிசையில் வைத்துப் பேசப்படுவது. மலையக இலக்கியம் கோப்பியைப் பாடிக்கொண்டு பிறந்த அதே வருஷத்தில், மடுல்சீமையில் ஒரு தோட்டத்தில், கோப்பியைச் சாப்பிடுவதற்கென்றே ஒருத்தி வந்து இறங்கினாள். கும்மி அடித்தது ஒரு பக்கம், குழி வெட்டியது மறுபக்கம். புத்தகம் போட இதைவிட மோசமான நேரத்தை எந்தப் பதிப்பாளராலும் தேர்ந்தெடுக்க முடியாது.

முதலில் பார்த்தது யார்? ஏட்டில் துரைமார் பெயர்தான் இருக்கும். ஆனால் துரை கோப்பி இலையைத் திருப்பிப் பார்க்கிறவர் அல்ல; அவர் குதிரை மேலிருந்து மலையைப் பார்க்கிறவர். இலைக்கு அடியில் கைவிடுகிறவர்கள் பழம் பறிக்கிறவர்கள். இலையைத் திருப்பினால் அடியில் மஞ்சளுக்கும் காவிக்கும் நடுவில் ஒரு நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் தூள். விரலால் தேய்த்தால் ரேகையில் ஏறிக்கொள்ளும். வரிசையைக் கடந்து வந்து பார்த்தால் கம்பளியெல்லாம் காவி. பொட்டு விழுந்த இலை கொஞ்ச நாளில் உதிரும். இலை உதிர்ந்த கிளையில் காய் கறுத்துக் காயும். பறிக்கிறவர் கங்காணியிடம் சொல்லியிருப்பார். காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக் களத்தில் கங்காணி துரையிடம் சொல்லியிருப்பார். கீழே வரும் பேச்சு எந்தப் பதிவேட்டிலும் கிடையாது, நான் கட்டியது. எந்தத் தோட்டத்திலும் நடக்கவில்லை என்று யாராவது சத்தியம் செய்யட்டும் பார்க்கலாம்.

“தொரை, எலைக்கு அடியில மஞ்சத்தூள் மாதிரி என்னமோ கெடக்குதுங்க.”

“மழை ஜாஸ்தி.”

“எல கொட்டுதுங்க தொரை.”

“வெயில் ஜாஸ்தி.”

“காயும் கருகுதுங்க.”

“உன் ஆளு ஒழுங்கா முள்ளு குத்தி மண்ணைக் கெளறல. எல்லாருக்கும் இன்னிக்கு அரைப்பேர்.”

நோய்த் தடுப்பின் முதல் நடவடிக்கை இவ்விதமாக நிறைவேறியது. சொன்னவன் சம்பளத்தில் பாதி வெட்டு.

பேராதனைப் பூங்காவில் துவைட்ஸ் என்ற தாவரவியலாளர் பொறுப்பில் இருந்தார். அவருக்கு விஷயம் விளங்கியது. இலையைப் பொட்டலம் கட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அதைப் பிரித்தவர் மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியார். ஞாயிற்றுக்கிழமை மனிதர்களின் பாவம், மற்ற நாட்களில் பூஞ்சணம் என்று வாழ்ந்தவர். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகியபோது அதற்குக் காரணம் கடவுளின் கோபமோ மழையோ அல்ல, பூஞ்சணந்தான் என்று முன்பே வாதாடியவர். ஒரு பாதிரியார் கடவுளைக் குற்றத்திலிருந்து விடுவித்தது பெரிய விஷயம். 1869 நவம்பரில் ‘கார்டனர்ஸ் குரோனிக்கள்’ பத்திரிகையில் நம்ம ஆளுக்கு ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். நாக்கு புரளாத துரைமார் அதை ‘நாசக்கார எமிலி’ ஆக்கிக்கொண்டார்கள். நோய்க்குப் பெண் பெயர் வைத்துவிட்டால் பழியில் பாதி தீர்ந்தது என்று ஆண்களுக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை.

பெயர் வைத்தாயிற்று. இனி அடுத்த பத்து வருஷத்துக்குத் தோட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? இன்னும் அதிகமாகக் கோப்பி நட்டார்கள்.

இது கதையில் நான் சேர்த்த மசாலா அல்ல, உண்மை. ஏக்கருக்கு நாலு அந்தருக்கு மேல் தந்த தோட்டம் 1870களின் கடைசியில் இரண்டுக்கு இறங்கிவிட்டது. ஆனால் அதே பத்தாண்டில் உலகச் சந்தையில் கோப்பி விலை மளமளவென்று ஏறியது. பாதிப் பழம், ஏறின விலை. பெட்டிக்குள் விழும் காசு குறையவில்லை. காசு குறையாதபோது நோய் எங்கே இருக்கிறது? திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம், சிவனொளிபாதமலை அடிவாரம் வரைக்கும் மிச்சமிருந்த காட்டையும் வெட்டி எமிலிக்குப் புதிதாகப் பாய் விரித்தார்கள். கொள்ளை நோய் வந்த ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பதில் கல்யாண மண்டபம் கட்டிய மாதிரி, 1876இல் நுவரெலியாவில் ஹில் கிளப்பைத் தொடங்கினார்கள். கணப்பில் விறகு எரிய, கையில் விஸ்கியோடு உட்கார்ந்து, இது மண் களைத்த கோளாறு, உரத்தின் கோளாறு, இந்த வருஷ மழையின் கோளாறு என்று பேசியிருப்பார்கள். சன்னலுக்கு வெளியே காற்று வீசிக்கொண்டிருந்தது. எமிலிக்கு அந்தக் காற்றே போதும்.

சிரிக்கலாம், ஆனால் தோட்டத் துரைமாருக்கு மட்டும் சொந்தமான புத்தி அல்ல இது. 2004 ஜனவரியில் தாய்லாந்தில் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, அது கோழிக் காலரா, சும்மா பயப்படாதீர்கள் என்றுதான் அதிகாரிகள் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோழி ஏற்றுமதியில் உலகத்தில் முன் வரிசையில் நின்ற நாடு. நோய் என்ற சொல் வாயிலிருந்து விழுந்தால் கப்பல் நிற்கும். பிரதமர் தக்சின் பத்திரிகையாளர்களுக்கு முன்னால் உட்கார்ந்து கோழி சாப்பிட்டுக் காட்டினார். கடைசியில் பறவைக் காய்ச்சல்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். பிரதமர் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெந்த கோழியில் அந்த வைரஸ் உயிரோடு இருக்காது. கோழியை உயிரோடு தூக்கிச் சுமந்து, கழுத்தை அறுத்து, கூண்டைக் கழுவியவர்கள் வீட்டில்தான் இழவு விழுந்தது. அவர்கள் முன்னால் கமெரா இல்லை.

2006 பெப்ரவரியில் மகாராஷ்டிரத்தில் நவாபூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது இன்னொரு வேடிக்கை. நோய் நவாபூரில், இருமல் தமிழ்நாட்டு முட்டை ஊரான நாமக்கல்லில். அங்கே ஒரு கோழிக்கும் தும்மல் இல்லை. முட்டையைத்தான் வாங்க ஆள் இல்லை. அடுத்த தடவை கோழி நாலு செத்தால் வெளியே சொல்வதா வேண்டாமா என்று பண்ணைக்காரர் யோசிக்கக் கற்றுக்கொள்வது இப்படித்தான்.

பறவைக் காய்ச்சல் வைரஸின் பழைய வீடு காட்டு வாத்தின் குடல். அங்கே அது பெரும்பாலும் சத்தம் போடாமல் குடித்தனம் நடத்தும். ஒரே கொட்டகையில் ஒரே வயதில் ஒரே இனத்துக் கோழிகளைப் பல்லாயிரக்கணக்கில் அடைத்து வைத்தால் அதன் குணம் மாறும். ஒரு கோழி செத்தால் பக்கத்துக் கோழி தயார் என்ற வசதி இருக்கும்போது அடக்க ஒடுக்கமாக இருக்க அதற்கு என்ன தலைவிதி? எமிலிக்கும் பிறந்த வீடு ஆப்பிரிக்கா. அங்கே காட்டு மரங்களுக்கு நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும் கோப்பிச் செடியில் ஏதோ இரண்டு பொட்டு வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவள். நாம்தான் மாத்தளையிலிருந்து பதுளை வரை நடுவில் ஒரு மரம் மறிக்காமல் பந்தி விரித்து, இலை போட்டு, கூப்பிட்டோம். ‘நாம்’ என்று சொன்னதைத் துரைமார் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

1877இல் பேராதனைக்கு உதவி இயக்குநராக வந்த டேனியல் மொரிஸ் ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைத்த மனிதர். சுண்ணாம்பையும் கந்தகத்தையும் கலந்து செடிக்குத் தூவச் சொன்னார். யோசனை பைத்தியக்காரத்தனமானது அல்ல. திராட்சைக்குக் கந்தகம் தூவி அந்தக் காலத்தில் பலன் கண்டிருந்தார்கள். ஆனால் எமிலி இலைக்கு அடியில் இருக்கிறாள், தூள் இலைக்கு மேலே விழுகிறது. மேலே விழுந்ததையும் பிற்பகல் மழை கழுவிக்கொண்டு போகிறது. செங்குத்து மலையில் செடி செடியாக ஏறிக் கந்தகம் தூவியவர்களின் மூக்குக்கும் கண்ணுக்கும் என்ன ஆனது என்று எந்த அறிக்கையிலும் ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. மொரிஸ் 1879இல் ஜமைக்காவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். எமிலிக்கு மாற்றல் உத்தரவு வரவில்லை.

பிறகுதான் அரசாங்கத்துக்கு நிபுணர் ஞாபகம் வந்தது. 1880இன் தொடக்கத்தில் ஹரி மார்ஷல் வார்ட் வந்து சேர்ந்தார். வயது இருபத்தைந்து. மடுல்சீமையில் முதல் பொட்டு விழுந்து பதினோரு வருஷம். வீடு எரிந்து கூரையும் விழுந்த பிறகு வந்த தீயணைப்புக்காரர் என்று சொன்னால் வார்ட்டுக்கு அநியாயம். அவரைக் கூப்பிட்டதே அப்போதுதான்.

அந்தப் பையன் கெட்டிக்காரன். தோட்டத்தில் கண்ணாடித் துண்டுகளில் கிளிசரினைத் தடவித் தொங்கவிட்டார். காற்றில் போகிறதெல்லாம் அதில் ஒட்டியது. நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் எமிலியின் விதைத்தூள். காற்றில் பறக்கிறாள் என்பது அன்றோடு நிரூபணம். இலைக்கடியில் ஒரு சொட்டு ஈரம் கிடைத்தால் முளைக்கிறாள், இலையின் மூச்சுத் துளை வழியாக உள்ளே போகிறாள், உள்ளே தின்று முடித்து வெளியே வந்து மறுபடியும் தூளாகிப் பறக்கிறாள் என்று முழு ஜாதகத்தையும் எழுதிவிட்டார். மழையும் அல்ல, மண்ணும் அல்ல, முள்ளு குத்தாததும் அல்ல. இப்படி மறிப்பில்லாமல் ஒரே பயிரைப் பரப்பினால் இதுதான் நடக்கும் என்பதும் அவர் எழுதியதன் சாரம்.

தோட்டக்காரர்களுக்கு ஏமாற்றம். அவர்களுக்கு வேண்டியது மருந்து, கிடைத்தது விளக்கம். காற்றை மறிக்கக் காட்டு மரம் வேண்டும், அதை வெட்டி இருபது முப்பது வருஷம். வார்ட் இரண்டு வருஷம் உழைத்து, மூன்று அறிக்கை எழுதி, பெட்டியைக் கட்டினார். பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். தன்னைத் தோற்கடித்த நோயின் பேரில் இவ்வளவு பெரிய பதவி வாங்கியவர்கள் குறைவு.

முதல் வருஷமே மடுல்சீமைப் பக்கத்துச் செடிகளையெல்லாம் பிடுங்கி எரித்திருந்தால் எமிலி அடங்கியிருப்பாளா? காற்றில் போகிறவளை அடக்குவது சந்தேகந்தான். ஆனால் செய்துபார்க்கக்கூட ஒரு துரையும் முன்வந்திருக்க மாட்டார், ஏனென்றால் பிடுங்குகிற செடிக்கு யாரும் காசு தர மாட்டார்கள். 1997 டிசம்பரில், பறவைக் காய்ச்சல் வந்தபோது, ஹொங்கொங் அரசாங்கம் சில நாட்களுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைக் கொன்று தீர்த்தது. ஊரில் ஒரு கோழி மிச்சமில்லை. அதைச் செய்ய முடிந்ததற்குக் கத்தியைவிட முக்கியக் காரணம், கோழிக்காரனுக்கு நட்ட ஈடு உண்டு என்பது. 2021 ஜனவரியில் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் வாத்துகளை அழித்தபோது, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், சின்னதுக்கு 100, முட்டைக்கு 5 ரூபாய் என்று கேரளம் விலை சொன்னது. போதாது என்று குட்டநாட்டு வாத்துக்காரர் முணுமுணுத்தார். ஆனாலும் 200 ரூபாய் என்று ஒன்று இருந்தால்தான் செத்த வாத்தைக் காயலில் தள்ளிவிடாமல் மிருக வைத்தியருக்குப் போன் போடுவான். நம்முடைய பிரட்டுக் களத்தில் நோயைச் சொன்னவனுக்கு அரைப்பேர். நோய்த் தடுப்புச் சாஸ்திரத்தின் இரண்டு துருவங்கள் இவை. இதற்குமேல் ஒரு பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுப்பதற்கு அதிகமில்லை.

ஒரு விஷயத்தில் வெள்ளைக்காரனுக்கு நோய்த் தடுப்பு நன்றாகவே தெரியும் என்பதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு கோபிக்கும். எமிலி இஷ்டத்துக்குக் கடல் தாண்டினாள், மலை தாண்டினாள். ஒரு சோதனைச் சாவடியிலும் அவளை நிறுத்தவில்லை. 1870களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் இருந்தாள், 1876இல் ஜாவாவில். ஆனால் தோட்டத்துக்கு வருகிற ஆளுக்கு? பிற்காலத்தில் தமிழகக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்துவைத்து, உடுத்தின துணியை அவித்து, மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி, அம்மை குத்தி, கையில் தகரத் துண்டைக் கொடுத்து அனுப்பினார்கள். கோப்பியைக் கொன்றது ஒரு பூஞ்சணம். சோப்புப் போட்டுக் கழுவப்பட்டது ராமநாதபுரம்.

1884 இந்த நாடகத்தின் உச்சக் காட்சி. மே 3ஆம் திகதி ஓரியண்டல் பாங்கு கதவைச் சாத்தியது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துக் கொடுத்துப் பெருத்த பாங்கு. ஊரில் புழங்கிய நோட்டில் பெரும்பகுதி அதனுடையது. ஒரே காலையில் கையிலிருந்த நோட்டு வெறும் காகிதம் ஆகப் போன நேரத்தில், அந்த நோட்டுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று கவர்னர் ஆர்தர் கோர்டன் அறிவித்துக் கலவரத்தைத் தவிர்த்தார். சரி. அடுத்த மாதம், ஜூனில், என்ன நடந்தது தெரியுமா? கோப்பி ஏற்றுவதற்கென்று மலையைக் குடைந்து குடைந்து வந்த ரயில் பாதை ஹட்டனை வந்தடைந்தது. கோப்பிக்காக வந்த ரயில், கோப்பி இல்லை. அடுத்த வருஷம் அது நானுஓயாவுக்கும் போனது. கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்த நோயாளியைப் பார்க்கப் பதினைந்து வருஷமாகப் புறப்பட்டுவந்த உறவினர், வந்ததும் வந்தோம், இருந்து அடுத்த கல்யாணத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துகொண்டார். அந்தக் கல்யாணம் தேயிலையோடு.

நடுவில் யார் பட்டினி கிடந்தது? தோட்டம் கைமாறியது, துரை கப்பலேறினார், கங்காணியின் கடன் மட்டும் கைமாறாமல் தொழிலாளி தலையில் நின்றது. மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. பாங்கு நோட்டுக்குப் பொறுப்பேற்ற அரசாங்கம், துண்டுச் சீட்டில் எழுதிய தொழிலாளி கடனுக்குப் பொறுப்பேற்கவில்லை. கொனன் டாயில், ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய அதே ஆசாமி, பின்னொரு கதையில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை வாட்டர்லூப் போர்க்களத்துச் சிங்கச் சிலைக்கு நிகரான வீரச் சின்னம் என்று மெச்சினார். ஒரு பூஞ்சணம் அழித்த இடத்தில் மறுபடி எழுந்து நின்றார்களாம் துரைமார். துப்பறிகிறவரைப் படைத்த மனிதருக்கு, அந்தக் கோப்பிக் கட்டைகளைக் கிளறியது யார், தேயிலைக்குக் குழி வெட்டியது யார் என்று துப்புத் துலக்கத் தோன்றவில்லை. செத்த கோப்பி மரங்களின் தண்டைச் சீவி இங்கிலாந்துக்கு அனுப்பித் தேநீர் மேசைக்குக் கால் செய்தார்கள் என்றும் ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, கோப்பிக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

தேயிலைக்கு முன்னால் கொஞ்ச காலம் சிங்கோனா. ஹக்கலையில் 1861இலேயே அதற்கென்று பூங்கா போட்டிருந்தார்கள். பட்டையில் கொய்னா இருக்கிறது, காய்ச்சலுக்கு நல்ல விலை. எல்லாரும் சேர்ந்து நட்டார்கள். எல்லாரும் சேர்ந்து பட்டை உரித்தார்கள். எல்லாரும் சேர்ந்து விலையைக் குழியில் இறக்கினார்கள். ஒரே பயிரைப் போட்டு அழிந்தவர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது, அடுத்த ஒரே பயிரைத் தேடுவது. அது லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே பத்தொன்பது ஏக்கரில் நட்டுவைத்திருந்த தேயிலை. 1875இல் ஆயிரம் ஏக்கர் சொச்சம். 1895இல் மூன்று லட்சம். லிப்டன் 1890இல் வந்து, நொந்துபோய் விலைக்கு வந்த தோட்டங்களை வாங்கிப் போட்டார். எமிலி காய்த்துக் கொடுத்த பழத்தைப் பறித்தவர்களில் மிக நல்ல சட்டை அணிந்தவர் அவர்.

தேயிலை கோப்பி மாதிரி அல்ல. கொழுந்து வருஷம் முழுக்க வரும். இன்றைக்குக் கிள்ளாவிட்டால் அடுத்த வாரம் முற்றும். ஊருக்குப் போய்விட்டு அடுத்த பழத்துக்கு வருகிறேன் என்கிற பேச்சுக்கு இடமில்லை. பெண்டு பிள்ளைகளோடு ஆள் வேண்டும்; நிரந்தரமாக வேண்டும். லயம் என்ற வரிசை வீடு நிரந்தரமானது, கோயில் வந்தது, சுடுகாடு வந்தது. மாட்டை மீட்கப் போன மனிதர் மாட்டையும் மறந்தார். ஆகவே, மலையகத் தமிழர் என்று ஒரு சனத்தை இந்த மண்ணில் குடியமர்த்தியவர் யார் என்று வருங்காலத்தில் எந்தப் பிள்ளையாவது பரீட்சையில் ‘எமிலி’ என்று எழுதினால் மார்க்கைக் குறைக்காதீர்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இந்த நாட்டில் உன் தகப்பன் பிறந்தானா, பாட்டன் பிறந்தானா, அத்தாட்சி காட்டு என்று கேட்டது. பாட்டன் எதற்கு இங்கே தங்கினான் என்பதற்கு அத்தாட்சி ஒரு கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் இருந்தது. அதைக் கச்சேரியில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

எமிலி இங்கிருந்து மலையேறிவிட்டாள். சாமி மலையேறுகிற மாதிரி, ஆடித் தீர்த்து, கேட்டதை வாங்கிக்கொண்டு. 1970இல் பிரேசிலில் பாஹியா மாநிலத்தில் இறங்கி நூறு வருஷப் பாக்கியை அங்கே வசூலிக்கத் தொடங்கினாள். விமானம், கப்பல், யாராவது ஒருவர் சட்டைப் பை, எதுவோ ஒன்று அவளுக்கு எப்போதும் கிடைத்துவிடுகிறது.

தேயிலைக்கும் எமிலியின் தங்கச்சி ஒருத்தி வராமலில்லை. 1946இல் கொப்புள நோய் வந்தது. அசாமில் அதைப் பல காலமாகவே தெரியும். இளங்கொழுந்தில் எண்ணெய் தெறித்த மாதிரிக் கொப்புளம். கொழுந்துதான் சரக்கு, ஆகவே சரக்கிலேயே கைவைத்தது. திரும்பவும் 1869தான் என்று பயந்தவர்கள் உண்டு. ஆனால் இந்தத் தடவை தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தேயிலை மேல் போட்ட செஸ் வரியில் நடக்கிற நிலையம். நோயைத் தேடுகிறவருக்கு நோய் வருவதற்கு முன்பே சம்பளம் கட்டப்பட்டிருந்தது. செப்பு மருந்தடித்தார்கள், நிழலைக் குறைத்தார்கள், நோய் தாங்குகிற செடியைத் தேடிப் பிடித்தார்கள். தேயிலை பிழைத்தது. மருந்து டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறியவர்கள் யார் என்று மறுபடியும் கேட்டு உங்களைச் சலிப்படையச் செய்யப் போவதில்லை.

கவர்னர் பார்ன்ஸ் கோப்பி போட்ட அதே கன்னொறுவையில் இப்போது மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாட்டுக்குள் பறவைக் காய்ச்சல் நுழைகிறதா என்று கோழியின் இரத்தத்தையும் எச்சத்தையும் பரிசோதிக்கிற இடம் அது. 2022இன் கடைசியில் கோழித்தீன் விலை கட்டுக்கடங்காமல் போய் முட்டை தட்டுப்பாடானபோது, இந்தியாவிலிருந்து முட்டை இறக்கலாம் என்று அரசாங்கம் சொன்னது. அங்கே பறவைக் காய்ச்சல் இருக்கிறது, இறக்கக் கூடாது என்று கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் குறுக்கே நின்றது. திணைக்களம் ஒரு மந்திரிசபையைப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன அந்தச் சில வாரங்கள் இந்த நாட்டு வரலாற்றில் அபூர்வமானவை. பிறகு பேச்சு நடந்தது. பண்ணைகளைப் பார்த்துத் தேர்ந்தார்கள். சுகாதாரச் சான்றிதழ், நிபந்தனை, முத்திரை. 2023 மார்ச்சில் முதல் தொகுதியாக இருபது லட்சம் இந்திய முட்டைகள் கொழும்பில் இறங்கின. பேக்கரிக்கு மட்டும், வேகவைக்கிற சரக்குக்கு மட்டும் என்று கட்டளை.

அதே 2023இல், 1823ஆம் ஆண்டைத் தொடக்கமாக வைத்து, மலையகம் 200 என்று சனங்கள் நினைவு நடை போனார்கள். ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்டு, பாட்டன் பூட்டன் நடந்த வழியே நடந்து, ஆகஸ்டில் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். காணி, வீடு, நியாயமான சம்பளம், சமமான குடிமக்களாக மதிப்பு என்று கையில் கோரிக்கை வைத்திருந்தார்கள். முட்டைகள் விஷயத்தில் அரசாங்கம் வேகமாக நடந்துகொண்டது. பேக்கரிக்கு மட்டும் என்ற கட்டளை தளர்ந்து, கொஞ்ச நாளில் அவை அரசாங்கத்தின் சதொசக் கடைகளில் எல்லாருக்கும் விற்பனைக்கு வந்தன.